பழைய காரில் நாக்கிங்: டைமிங்கைக் குறைப்பதா, பெட்ரோலை மாற்றுவதா, காரணத்தைத் தேடுவதா?

மேட்டில் டாப் கியரிலேயே ஏறிவிடலாம் என்று ஆக்சிலரேட்டரை அழுத்தும் நேரத்தில், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒரு சத்தம் பானெட்டுக்கு அடியிலிருந்து எழும். காலை எடுத்தவுடன் அடங்கிவிடும். கார்புரேட்டரும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நாக்கிங் எனப்படும் இந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. அதற்குப் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலையும் ஒன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சத்தம் நிற்கும் வரை டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் முடுக்கிவிடுவது. சத்தம் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் சத்தத்தை உண்டாக்கிய குறை எஞ்சினுக்குள் அப்படியே இருக்க, அதற்கு மேல் புதிதாக ஒரு குறையையும் நாமே சேர்த்துவிடுகிறோம். அந்த போல்ட் கடைசியாகத் தளர்த்தப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைச் சொல்ல, நம் கையில் இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்த கணமே சிலிண்டரில் உள்ள பெட்ரோல், காற்றுக் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. சுடர் பிளக்கிலிருந்து கிளம்பி மறுபக்கம் போய்ச் சேர ஏறத்தாழ 2 மில்லி செகண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால், 800 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். 3,000 ஆர்பிஎம்மிலோ 36 டிகிரி சுழன்றுவிடும். பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 டிகிரி ஆகும்போது சிலிண்டரின் அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு இழுவையும் கிடைக்கும் என்பதால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும், வேகம் கூடக் கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும். இதற்காகத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கு ஏற்ப விரியும் எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. பாதி த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தியிருக்கும்போது) மட்டும் கூடுதல் அட்வான்ஸ் தருவதற்காக, அதாவது பொறியை இன்னும் முன்னதாக விழச் செய்வதற்காக, வேக்குவம் டயாஃப்ரம் தனியாக இருக்கிறது. அடிப்படை டைமிங், எடைகள் தரும் அட்வான்ஸ், வேக்குவம் தரும் அட்வான்ஸ் ஆகிய மூன்றில் நாம் கிளாம்பைத் தளர்த்தித் திருப்புவது அடிப்படை டைமிங்கை மட்டுமே; மற்ற இரண்டும் தம் போக்கில்தான் நடக்கும்.

சுடர் இன்னும் எட்டாத கடைசி மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவை, எரிந்த பகுதி விரிந்து நெருக்குவதால் சூடேறித் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். பொறி அளவுக்கு மீறி முன்னதாக விழுந்தால் அழுத்தம் மிகுந்து இது நேரும். ஆனால் எஞ்சின் அதிகம் சூடானாலும், கலவையில் பெட்ரோல் குறைந்தாலும், சிலிண்டர் தலையில் கரி தடித்துப் படிந்தாலும், ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) குறைந்த பெட்ரோலைப் போட்டாலும் இதே சத்தம்தான் கேட்கும். காதுக்கு ஐந்தும் ஒன்று போலவே இருப்பதுதான் குழப்பத்தின் வேர். இந்தக் குழப்பம் நூறாண்டுக்கு மேல் பழையது. 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த, சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன்மீதுதான் அந்தக் காலத்தில் நாக்கிங் பழி விழுந்தது. பழி நியாயமானதுதானா என்று அவர் தொடங்கிவைத்த ஆய்வில் எரிபொருளின் பங்கு தெளிவாயிற்று; 1921இல் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்கை அடக்கும் டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டறிந்தார். அந்த ஈயம் உடலுக்கு எவ்வளவு கேடு என்று உணர்ந்து உலகம் அதைக் கைவிட்டது நல்ல முடிவு. ஆனால் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்ட எஞ்சின்களின் கையேட்டு டைமிங் எண், இன்றைய பெட்ரோலுக்கு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழியைத் தேர்வதற்கு முன், கேட்பது நாக்கிங்தானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. டேப்பட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகத்தோடு சீராகக் கூடும். பிஸ்டன் தளர்ந்து சிலிண்டர் சுவரில் அடிக்கும் சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பலமாக இருந்து, சூடானதும் குறையும். கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்த சத்தம் ஆழமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் தற்காலிகமாக 4 டிகிரி ரிட்டார்ட் செய்து, அதாவது பொறியைப் பின்தள்ளி, அதே மேட்டில் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் போனால் நாக்கிங், போகாவிட்டால் இயந்திரத் தேய்மானம். ரிட்டார்ட் செய்வது இந்தச் சோதனைக்கு மிகவும் உகந்தது. சோதனை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் நாலைந்து முறை உதறிக்கொண்டு ஓடுவதையும் பலர் டைமிங் குறை என்றே எண்ணுகிறார்கள். சாவி அணைந்த பின் பொறியே கிடையாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரியோ, அளவுக்கு மீறிச் சூடேறும் பிளக்கோ கலவையைப் பற்றவைப்பதால் வரும் உதறல் அது. டைமிங்கை ரிட்டார்ட் செய்தால் இது மோசமாகக்கூட ஆகலாம். ஏனென்றால் ரிட்டார்ட் ஆன எஞ்சின் ஐட்லிங்கில் நிற்க த்ராட்டிலைக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கும், அணைத்த பிறகும் அந்த வழியாகவே கலவை உள்ளே போகும்.

டைமிங்கை அளக்கும் வழிகளில் எது நம்பத்தக்கது என்பது அடுத்த கேள்வி. காதால் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை: டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, மெல்லிய நாக்கிங் கேட்டு மறையும் நிலைக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது. குறைந்த வேகத்துக்கு இது மோசமில்லை. ஆனால் அதிக வேகத்தில் காற்றின் இரைச்சலுக்கும் டயர் சத்தத்துக்கும் நடுவே கேட்காமலே நிகழும் நாக்கிங்தான் பிஸ்டனை உடைக்கும், அதைக் காது காட்டிக்கொடுப்பதில்லை. வேக்குவம் கேஜை வைத்து, ஐட்லிங்கில் முள் உச்சத்துக்குப் போகும் வரை அட்வான்ஸ் செய்து சற்றுக் குறைக்கும் முறை இதைவிட அறிவியல்பூர்வமானது போலத் தோன்றும். சுமையே இல்லாத எஞ்சின் எவ்வளவு அட்வான்ஸையும் விரும்பி ஏற்கும் என்பதால், இந்த முறையில் வைத்த கார் மேட்டில் நாக்கிங் செய்வதே வழக்கம். நாக்கிங்கைத் தீர்க்கும் வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

12 வோல்ட் பல்பு ஒன்றைக் கொண்டு எஞ்சினை ஓட்டாமலே வைக்கும் முறை எளியது, செலவில்லாதது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் எர்த்திலும் பல்பை இணைத்து, கிராங்க்கை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றி டைமிங் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பின்னால் சுற்றினால் பற்சக்கர இடைவெளி கணக்கைக் கெடுத்துவிடும். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுழலும் திசையில் பல்பு அணையும் வரை திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால், பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) பிரியும் அந்த நொடியில் பல்பு பளிச்சென்று எரியும். அங்கே முடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதன் உடலை 1 டிகிரி நகர்த்தினால் கிராங்க் கணக்கில் 2 டிகிரி மாறும். கை எவ்வளவு மெதுவாக நகர வேண்டும் என்பது இதிலேயே தெரியும். இந்த முறையின் குறை, ஓடும் எஞ்சினில் அட்வான்ஸ் எப்படி ஏறுகிறது என்பதை இது சொல்லவே சொல்லாது.

அதைச் சொல்வது, பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட் ஒன்றுதான். பழைய காரை வைத்திருப்பவர் ஒரே ஒரு கருவிதான் வாங்குவார் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 1ஆம் சிலிண்டரின் ஒயரில் இணைத்து, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, சூடான எஞ்சினைக் கையேடு சொல்லும் ஐட்லிங்கில் விட்டு ஒளியைக் கிராங்க் புல்லியின்மீது பாய்ச்சினால், சுண்ணாம்பு தடவிய குறி அசையாமல் நிற்பது போலத் தெரியும். ஃபேனும் நின்றுவிட்டது போலத்தான் தெரியும், அதனால் தொங்கும் சட்டைக் கையும் ஒயரும் அதன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறி ஓரிடத்தில் நிற்காமல் 3, 4 டிகிரி அங்குமிங்கும் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கிறது அல்லது டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் எந்த எண்ணில் வைத்தாலும் சில பொறிகள் முன்னதாகவும் சில பின்னதாகவும்தான் விழும். பிறகு வேகத்தை 500, 500 ஆர்பிஎம்மாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் எத்தனை டிகிரி என்று எழுதிக்கொண்டால், டிஸ்ட்ரிபியூட்டரின் முழு ஜாதகமும் ஒரு தாளில் வந்துவிடும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் வேக்குவம் சேராத மொத்த அட்வான்ஸ் 30 முதல் 36 டிகிரி வரை இருக்கும்.

டைமிங் லைட்டையும் ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. கிராங்க் புல்லியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருந்தால், ரப்பர் முதுமையடைந்து வளையம் நழுவியிருக்கலாம். குறி 0 என்று காட்டும் இடத்தில் பிஸ்டன் உச்சியில் இருக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, 1ஆம் பிளக்கின் துளையில் பிஸ்டனை உச்சிக்குச் சற்று முன்பே தடுக்கும் ஒரு போல்ட்டைப் பொருத்தி, கிராங்க்கைக் கையால் இரு திசையிலும் மெல்லச் சுற்றி நிற்கும் இடங்களைக் குறித்தால், அவற்றுக்குச் சரிநடுவே இருப்பது உண்மையான உச்சி. எந்தப் பழைய எஞ்சினிலும் ஒரு முறையாவது இதைச் செய்துவிட வேண்டும். அதே போல, பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே பிரிந்து டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைந்தால் ரிட்டார்ட் ஆகும். வரிசையை மாற்றினால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுக்கும்.

தீர்வுகளுக்கு வருவோம். ரிட்டார்ட் செய்வதன் கவர்ச்சி வெளிப்படையானது: ஐந்து நிமிட வேலை, ஒரு ஸ்பேனர் போதும். அதற்கான விலை பிறகுதான் தெரியவரும். தாமதமாக எரியும் கலவை தன் வெப்பத்தைப் பிஸ்டனுக்கு வேலையாகக் கொடுக்காமல் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறது. எஞ்சின் சூடேறுகிறது, இழுவை குறைகிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. சூடேறிய எஞ்சின் நாக்கிங்குக்கு இன்னும் எளிதில் இடம் கொடுப்பதால், இன்னும் கொஞ்சம் ரிட்டார்ட் செய்யத் தோன்றும். கையேட்டு எண்ணிலிருந்து 2 அல்லது 3 டிகிரிக்குள் குறைப்பது, மற்ற எல்லாம் சரியாக இருக்கும் எஞ்சினை இன்றைய பெட்ரோலுக்கு இணங்க வைக்கும் நியாயமான திருத்தம். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆக்டேன் கூடிய பெட்ரோல் எஞ்சினுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. கம்ப்ரெஷன் விகிதம் 9க்கு மேல் உள்ள, பழைய ஈயப் பெட்ரோலுக்கென வடிவமைத்த எஞ்சினுக்கு அதுவே முறையான உணவு. எண்களை ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். ஆராய்ச்சி முறை ஆக்டேன் என்பது ஒரு கணக்கு, ஆராய்ச்சி முறையும் மோட்டார் முறையும் சேர்ந்த சராசரி என்பது வேறொரு கணக்கு. ஒரே பெட்ரோலுக்கு முதலாவது 4, 5 எண்கள் கூடுதலாகத் தெரியும், 95 என்பதும் 91 என்பதும் ஏறத்தாழ ஒரே சரக்காக இருக்கலாம். கையேடு எந்தக் கணக்கில் சொல்கிறது, பம்ப்பில் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே பணத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். முன்பு சாதாரணப் பெட்ரோலிலேயே அமைதியாக ஓடிய கார் இப்போது திடீரென்று உயர்ந்த பெட்ரோலைக் கேட்கிறதென்றால், மாறியது கார்தான். ஆக்டேன் ஏற்றும் திரவப் புட்டிகள் இந்த வரிசையில் எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை தருபவை: லேபிளில் எழுதும் ‘பாயிண்ட்’ என்பது பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்குதான், 30 பாயிண்ட் ஏறும் என்றால் 3 எண்கள். மாங்கனீசுச் சேர்மம் உள்ளவை பிளக்கின் பீங்கானில் செங்காவி நிறப் படிவை விட்டுச்செல்லும். கம்ப்ரெஷனைக் குறைக்கத் தடித்த ஹெட் கேஸ்கட் போடுவது, பலமுறை ஹெட்டைச் சீவி விகிதத்தை உயர்த்திவிட்ட எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும்.

மிஞ்சுவது காரணத்தைத் தேடுவது. நேரம் பிடிக்கும், கையில் கறை படியும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை நாக்கிங் வரும் நேரமே சொல்லிவிடும். முழு த்ராட்டிலில் வேக்குவம் இருக்காது என்பதால், அப்போது வரும் நாக்கிங்குக்கும் வேக்குவம் அட்வான்ஸுக்கும் தொடர்பில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சமவெளியில் போகும்போது மட்டும் சத்தம் வந்தால் வேக்குவம் டயாஃப்ரம் அளவுக்கு மீறி இழுக்கிறது அல்லது அதன் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும். குறைந்த வேகத்தில் முழுச் சுமையோடு வந்தால் அடிப்படை டைமிங் அல்லது ஸ்பிரிங். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் சத்தம் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரின் ஜெட்டையும் மிதவை மட்டத்தையும் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஏற்கெனவே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், பழைய ஜெட் அளவு அதற்குச் சற்றுப் போதாமல் போவதும் உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகே வந்தால் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர். ஏர் கிளீனரின் மூக்குக் குழாய் எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்றை இழுக்கும் குளிர்கால நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிளக்கை மாற்றும்போதும் எச்சரிக்கை தேவை: என்ஜிகே பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை (வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது), போஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை.

நான் பல ஆண்டுகள் பராமரித்த ஒரு நாலு சிலிண்டர் கார் இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது. கையேட்டில் 8 டிகிரி. என்னிடம் வந்தபோது 2 டிகிரியில் இருந்தது, அதிலும் மேட்டில் நாக்கிங் செய்தது, ரேடியேட்டர் அடிக்கடி கொதித்தது. டைமிங் லைட்டைப் பிடித்தபடி வேகத்தை உயர்த்தினேன். 3,000 ஆர்பிஎம்மில் முடிய வேண்டிய அட்வான்ஸ் 1,700இலேயே முடிந்து நின்றுவிட்டது. பாயிண்ட் தட்டைக் கழற்றினால், எடைகளைப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் கெட்டியானது கொக்கியில் அறுந்து, கிரீஸ் உறைந்த மூலையில் கிடந்தது. விரல் நகம் அளவுதான் இருக்கும். புதியதைப் போட்டு, டைமிங்கை 8க்கே திருப்பி வைத்தபோது அதே பெட்ரோலில் அதே மேட்டில் சத்தம் இல்லை, சூடும் இறங்கியது. அத்தனை நாளும் அந்த எஞ்சினை 6 டிகிரி பின்னால் இழுத்துக் கட்டி வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவதும் இப்போது பலர் எடுக்கும் முடிவு. தேயும் பாகம் போய்விடுவதால் வைத்த டைமிங் வைத்த இடத்தில் நிற்கும், அது நல்ல பயன். ஆனால் எடைகளும் ஸ்பிரிங்கும் பழையவையாகவே இருப்பதால், அவை காரணமாக வந்த நாக்கிங் மாட்யூல் போட்டாலும் அப்படியே தொடரும். அட்வான்ஸ் வளைவையே நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் குறையைத் தீர்க்கும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ், ஷாஃப்ட், ஸ்பிரிங் எல்லாமே தேய்ந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சரிசெய்வதைவிட இது சிக்கனமாகவும் இருக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆகவே என் வரிசை இது: ஏர் கிளீனர், குளிர்விப்பு, கலவை ஆகிய மூன்றும் முதலில், பாயிண்ட் இடைவெளியும் உண்மையான உச்சிக் குறியும் அடுத்து, டைமிங் லைட்டில் முழு அட்வான்ஸ் வளைவும் அதன் பிறகு. இவை எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுக் கரி எவ்வளவு என்று பார்த்து நீக்கலாம். பிறகு ஒரு டேங்க் உயர்ந்த பெட்ரோல் போட்டுப் பார்க்கலாம். அதிலும் மீதம் இருந்தால் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு முறைக்கு 1 டிகிரி வீதம், 3க்கு மேல் போகாமல் ரிட்டார்ட் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் புதிய பிளக்குகளைப் போட்டுச் சில நூறு கிலோமீட்டர், நெடுஞ்சாலை வேகமும் மேடும் சேர்ந்த ஓட்டமாக, ஓட்டிய பின் அவற்றைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ, வெளிச்சத்தில் மினுக்கும் நுண்ணிய அலுமினியத் துகள்களோ தெரிந்தால், வழியெல்லாம் ஒரு சத்தமும் கேட்காமலிருந்தாலும் உள்ளே நாக்கிங் நடந்துகொண்டிருக்கிறது, அந்தத் துகள்கள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்தவை. அந்த நிலையில் உடனே 2 டிகிரி குறைத்துவிட்டு, காரணம் தெரியும் வரை காரை வேகமாக ஓட்டாமல் இருக்க வேண்டும்.